சிரிப்புத் தொடரில் துணை நடிகர்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளைகளும், கைத்தொலைபேசியில் பகிடி வீடியோ எடுத்துப் போடுகிற இளைஞர்களும் கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நான் மேடையிலிருந்து வந்தவன். சில உள்ளூர்த் தொடர்களில் பக்கத்து வீட்டுக்காரனாகவும் விதானையாராகவும் தலை காட்டியிருக்கிறேன். ஆகவே நாயகன் ஆவது எப்படி என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை.

சிரிப்புத் தொடர் என்றால் என்ன? அதில் துணை நடிகர் யார்?

ஒரே வீடு அல்லது ஒரே கடை, அதே ஆட்கள், கிழமைக்கு ஒரு சிக்கல். சிக்கல் அரை மணித்தியாலத்துக்குள் தீர்ந்துவிடும், ஆட்கள் மட்டும் திருந்தமாட்டார்கள். திருந்தினால் அடுத்த கிழமை தொடர் இல்லை. அமெரிக்காவில் விளம்பரம் போகக் கதைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 22 நிமிடம். அதில் பெரும்பங்கு வீட்டுக்காரருக்குப் போய்விடும். மிச்சத்தில் படலையைத் திறந்துகொண்டு வருகிறவர்கள்தான் துணை நடிகர்கள்: சீட்டுக் காசுக்கு வருகிற மாமி, கைமாற்றுக் கேட்கிற மச்சான், எதற்கெடுத்தாலும் சட்டம் கதைக்கிற இளைப்பாறிய கச்சேரி உத்தியோகத்தர்.

இதற்குள்ளும் படிகள் உண்டு. எல்லா அத்தியாயத்திலும் வருகிறவர், இடைக்கிடை வருகிறவர், ஒரு நாள் மட்டும் வந்து போகிறவர், பின்வாங்கிலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிற வசனமில்லாதவர். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதில் இதற்கு ஒரு கோடே போட்டிருக்கிறார்கள்: ஒரு பருவத்தின் பாதி அத்தியாயங்களுக்குக் குறைவாக வந்தவர் விருந்தினர் பிரிவில்தான் போட்டியிடலாம். எங்களிடம் அப்படிக் கோடு ஒன்றும் கிடையாது. கூப்பிட்டால் போவோம். கூப்பிடாவிட்டால், ‘அவர் கனடாவுக்குப் போட்டாராம்’ என்ற ஒரு வசனத்தில் எங்கள் பாத்திரம் முடியும்.

நாயகன் ஆக முடியாதவர்கள் ஒதுங்குகிற இடமா இது?

இல்லை, இது வேறு வேலை. 1960இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆண்டி கிரிஃபித் தொடரைப் பாருங்கள். கிரிஃபித் நகரத்துப் பொலிஸ் அதிகாரி, டான் நாட்ஸ் அவருடைய பதட்டக்காரத் துணையாள். முதலில் கிரிஃபித்தான் பகிடி விடுகிறவராக இருப்பதாகத் திட்டம். இரண்டாவது அத்தியாயத்திலேயே, நாட்ஸைப் பகிடிக்கு விட்டுவிட்டுத் தான் நிதானமாக நிற்பதுதான் சரி என்று தனக்கு விளங்கிவிட்டதாக கிரிஃபித் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நாட்ஸ் அந்தப் பாத்திரத்துக்காக ஐந்து எம்மி விருது வாங்கினார். தொடருக்குப் பெயர் கொடுத்தவருக்கு அதற்காக ஒன்றும் கிடைக்கவில்லை.

என்னைக் கேட்டால், அந்தத் தொடரில் பெரிய நடிகர் கிரிஃபித்தான். தனக்கு வரவேண்டிய சிரிப்பை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க எல்லோருக்கும் மனம் வராது. எங்கள் குழுக்களில் இதனால்தான் பாதிச் சண்டை.

யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு மரபு இருந்ததா?

தாராளமாக. தொலைக்காட்சிக்கு வெகு முந்தியே இருந்தது. இசை நாடகத்தில் ராசா உடுப்பு மாற்றுகிற நேரத்தில் சனத்தைக் கலைய விடாமல் பிடித்து வைத்திருப்பவர் பபூன். கோயில் திருவிழாவில் விடியவிடிய நாடகம் பார்த்தவர்கள் ராசாவின் பாட்டை மறந்தாலும் பபூனின் பகிடியை மறக்கமாட்டார்கள்.

அடுத்தது வானொலி. இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979இல்தான் வந்தது. ரூபவாஹினி தொடங்கியது 1982இல். அதுவரைக்கும் தொடர் நாடகம் என்றால் இலங்கை வானொலிதான். 1970களில் அதில் ஒலித்த கோமாளிகள் நாடகத்தைப் பற்றி உங்கள் அப்பாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். ராமதாஸ் முஸ்லிம் பேச்சில் மரைக்காராக வந்தார். ராஜகோபால் யாழ்ப்பாணப் பேச்சில் அப்புக்குட்டி. செல்வசேகரன் சிங்களவர் தமிழ் கதைக்கிற மாதிரிப் பேசும் உபாலி. அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத் ஐயராக வந்தார். அதாவது ஒரு இந்து மரைக்காராகவும், ஒரு முஸ்லிம் ஐயராகவும் வந்து முழு நாட்டையும் சிரிக்க வைத்தார்கள். 1976இல் அது திரைப்படமாகவும் வந்தது. அந்தக் கூட்டத்தில் யார் நாயகன், யார் துணை என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் துணை. சிரிப்புத் தொடர் சரியாக அமைந்தால் அப்படித்தான் இருக்கும்.

கரவெட்டியைச் சேர்ந்த கே.எஸ். பாலச்சந்திரனையும் சொல்ல வேண்டும். வானொலி, மேடை, திரைப்படம் எல்லாம் செய்தவர். ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது ‘அண்ணை றைற்’. யாழ்ப்பாணத்து பஸ் நடத்துநரை எடுத்துத் தனி ஆளாக மேடையில் நிறுத்திவிட்டார். பஸ் இல்லை, பயணிகள் இல்லை, ஆனால் நெரிசல் இருந்தது. பிறகு கனடாவுக்குப் போய் அங்கேயும் நடித்துக்கொண்டிருந்தார். 2014இல் காலமானார். துணைப் பாத்திரம் பிடிக்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த ‘அண்ணை றைற்’றைத்தான். திரும்பச் செய்து காட்டுவதற்காக அல்ல. ஒரு நடத்துநரை எவ்வளவு நேரம் பார்த்திருந்தால் அப்படிச் செய்ய முடியும் என்று யோசிப்பதற்காக.

1990களில் மின்சாரம் இல்லாமல், பற்றரியும் கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. ஒருவர் பெடல் சுற்ற, மற்றவர்கள் காது கொடுப்பார்கள். பகிடி நல்லதா இல்லையா என்பது பெடல் சுற்றுகிறவரின் வேகத்தில் தெரிந்துவிடும்.

பாத்திரத்தின் பெயர் சொந்தப் பெயரோடு ஒட்டிக்கொள்கிறதே, அது நல்லதா?

மரைக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றுதான் கடைசிவரைக்கும் அவர்களைச் சொன்னார்கள். இது இரண்டு பக்கமும் வெட்டும். பெயர் ஒட்டினால் திருவிழா மேடைக்கும் கல்யாண வீட்டுக்கும் கூப்பிடுவார்கள். ஆனால் அழுகிற பாத்திரம் கேட்டுப் போனால் இயக்குநருக்கே சிரிப்பு வரும்.

ஒட்டிய பெயரைக் கழற்றப் பாடுபட்டு, அதற்குப் பிறகு ஒரு பெயரும் இல்லாமல் போனவர்களைத் தெரியும். ஒட்டிவிட்டால் இருக்கட்டும் என்பேன். ஆண்டுக்கு ஒருமுறை மேடையில் வேறொன்று செய்து கையைப் பழக்கத்தில் வைத்திருந்தால் போதும்.

சின்னப் பாத்திரம் எப்படிப் பெரிதாகிறது?

கேட்டு வாங்கிப் பெரிதாக்கியதாக நான் அறிந்தது குறைவு. அமெரிக்காவின் ஃப்ரெண்ட்ஸ் தொடரில் காப்பிக் கடைக்காரர் குந்தராக வந்த ஜேம்ஸ் மைக்கல் டைலர் நல்ல உதாரணம். 1994இல் அந்தத் தொடருக்குப் பின்னணி ஆட்கள் தேடியபோது, காப்பி இயந்திரத்தை உண்மையாகவே இயக்கத் தெரிந்தவர் அவர்தான். அவர் நிஜத்திலும் காப்பிக் கடையில் வேலை செய்தவர். முதல் பருவம் முழுக்க வாய் திறக்கவில்லை. இரண்டாம் பருவத்தில்தான் முதல் வசனம், அதுவும் ஒற்றைச் சொல். தொடர் 2004இல் முடியும்போது ஏறக்குறைய 150 அத்தியாயங்களில் வந்திருந்தார். தொடரில் முகம் தெரிந்த பிறகும் சில ஆண்டுகள் தன் காப்பிக் கடை வேலையை அவர் விடவில்லை. அந்தக் கடைசி விசயத்தைப் பிறகு வருகிற ஒரு கேள்விக்காக நினைவில் வைத்திருங்கள்.

கெல்சி கிராமரின் கதை இன்னொரு வகை. 1984இல் சியர்ஸ் என்ற அமெரிக்கச் சிரிப்புத் தொடருக்குள் சில அத்தியாயங்களுக்கென்று வந்தவர். போகவே இல்லை. 1993இல் அந்தத் தொடர் முடிந்ததும் அதே மனநல மருத்துவர் பாத்திரத்துக்கு ஃப்ரேசியர் என்று தனித் தொடர் பிறந்து 2004 வரை ஓடியது. ஆக இருபது ஆண்டு ஒரே ஆள். அந்தத் தனித் தொடரில் தம்பியாக வந்த டேவிட் ஹைட் பியர்ஸின் கதை அதைவிட ருசி. முதல் திட்டத்தில் தம்பி என்று ஒரு பாத்திரமே இல்லை. கிராமரைப் போலவே முகம் கொண்ட ஒரு நடிகர் இருக்கிறார் என்று தெரியவந்த பிறகுதான் தம்பியை எழுதினார்கள். ஓடிய 11 ஆண்டும் எம்மிக்குப் பரிந்துரைக்கப்பட்டு நான்கு முறை வென்றார்.

ஒருவர் இயந்திரத்தை இயக்கினார், ஒருவருக்கு முகம் பொருந்தியது. இதில் ‘திறமை இருந்தால் தானாக வரும்’ என்ற பேச்சுக்கு எங்கே இடம்? ஆனால் வந்த பிறகு அங்கேயே நிலைத்தது திறமையால்தான்.

ஒரு காட்சியில் துணை நடிகர் உண்மையில் என்ன செய்கிறார்?

ஒரு காட்சியை எடுப்போம். வீட்டுக்காரர் மனைவியின் சங்கிலியை அடைவு வைத்துவிட்டார். அடைவுத் துண்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளிக்கிறார். மனைவி குசினியில். அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். அவர் நீங்கள்.

புதிதாக வருகிறவர்கள் இங்கே பகிடி விடப் பார்ப்பார்கள். கண்ணை உருட்டுவார்கள், சாமிப் படத்தைப் பார்ப்பார்கள். எல்லாம் கெட்டுவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அடைவு பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்கு வேண்டியது மண்வெட்டி. போன மாதம் இரவல் கொடுத்த தன் சொந்த மண்வெட்டி. அதைக் கேட்கக் கூச்சம். அதனால் மழையைப் பற்றிக் கதைக்கிறார், வாழைக்குட்டியைப் பற்றிக் கதைக்கிறார், கதைத்தபடி சாமிப் படத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். வீட்டுக்காரர் வியர்க்கிறார். ‘உங்களிட்ட ஒரு சாமான் இருக்குது, அது எனக்குத் தெரியும்’ என்று நீங்கள் மெல்லச் சொல்லும்போது பார்க்கிறவர் வயிற்றைப் பிடிப்பார். நீங்கள் சொன்னது மண்வெட்டியை, அவர் கேட்டது அடைவுத் துண்டை. உங்கள் முகத்தில் கூச்சம் மட்டும் இருந்தால்தான் இது நடக்கும். ஒரு துளி கள்ளச் சிரிப்பு தெரிந்தாலும் கதை போச்சு.

அதனால் ஒத்திகையில் நான் முதலில் கேட்பது, ‘இந்தக் காட்சிக்கு நீர் எதற்கு வந்தீர்?’ என்றுதான். ‘பகிடிக்கு’ என்று பதில் வந்தால், வெளியே போய்த் திரும்பப் படலையால் வரச் சொல்வேன்.

சிரிப்புக்கு இடைவெளி விடுவது என்கிறார்களே?

அமெரிக்கச் சிரிப்புத் தொடர்கள் பலவற்றை அரங்கில் ஆட்களை இருத்தி, மூன்று நான்கு கமராவால் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். கிழமைத் தொடக்கத்தில் மேசையைச் சுற்றி இருந்து வாசிப்பு, பிறகு ஒத்திகை, கடைசியில் சனத்துக்கு முன்னால் படப்பிடிப்பு. எதிரில் சனம் சிரிக்கும்போது நடிகர் அடுத்த வசனத்தைப் பிடித்து வைத்திருப்பார்.

எங்கள் நிலைமை வேறு. யாரோ ஒருவரின் வீட்டு விறாந்தை, ஒரே கமரா. சிரிக்க ஆள் இல்லை. சிரிப்பு வந்தாலும் ஒலிக்காரர் முறைப்பார். இடைவெளியை மனதுக்குள் எண்ணித்தான் விடவேண்டும், அதை மேடையில் பழகாமல் வராது. அதோடு ஒரே காட்சியை மூன்று பக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுப்பார்கள். முதல் தடவை எந்த வசனத்தில் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினீர்களோ, மூன்றாம் தடவையும் அதே வசனத்தில் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டி ஒட்டும்போது கோப்பை தானாகப் பறக்கும்.

மற்றது காகம், கோயில் ஒலிபெருக்கி, ஜெனரேற்றர், மீன்காரரின் கூவல். எல்லாவற்றையும் விடப் பொல்லாதது பாண் விற்கிற ஓட்டோ. நல்ல உச்சக் காட்சியில் பேத்தோவனின் இசையைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்து நிற்கும். அப்போது சலிக்காமல் பாண் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப அதே கோபத்தோடு நிற்கத் தெரிந்தால் அடுத்த தொடருக்கும் கூப்பிடுவார்கள்.

எங்கே பழகலாம்?

பாடசாலையில் உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். அதைப் புள்ளிக்காக மட்டும் எடுக்காதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அதைப் படிக்கலாம். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி இங்கே ஒரு முழுத் தலைமுறைக்கு ஒழுங்கான பயிற்சியைக் கொடுத்தது. நீ. மரியசேவியர் அடிகளார் உருவாக்கிய திருமறைக் கலாமன்றம் பல ஊர் இளைஞர்களை மேடை ஏற்றியிருக்கிறது. குருநகர், பாசையூர்ப் பக்கம் நாட்டுக்கூத்து ஆடுகிறவர்களிடம் குரலைப் பற்றிக் கேளுங்கள். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசத் தெரிந்தவர்கள் அவர்கள்.

இவை ஒன்றும் வாய்க்காவிட்டால் ஊர்ச் சனசமூக நிலைய ஆண்டு விழா போதும். அங்கே சிரிக்காத சனம் எங்கேயும் சிரிக்காது.

வாய்ப்பு எங்கே இருக்கிறது?

தமிழில் சக்தி, வசந்தம், நேத்ரா போன்ற தொலைக்காட்சிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றின் இடம் கொழும்பு. யாழ்ப்பாணத்திலும் கலையகங்கள் வந்துவிட்டன. பிரச்சினை என்னவென்றால், சென்னைத் தொடரை வாங்கி ஓட்டுவது இங்கே ஒன்றை எடுப்பதைவிட மலிவு. 1980களிலேயே உயரமான அன்ரனா நட்டு தூர்தர்ஷன் பார்த்த ஊர் எங்களுடையது, அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. அதனால் இன்றைக்கு உள்ளூர்ச் சிரிப்பு பெரும்பாலும் யூடியூபில்தான் நடக்கிறது. புலம்பெயர்ந்த சனம் பார்க்கிறது, அதனால் ஓடுகிறது. அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். ஆனால் ஐந்து நிமிட வீடியோவில் ஒரு பகிடி போதும். தொடருக்கு ஆள் வேண்டும்.

யாழ்ப்பாணப் பேச்சிலேயே நடிக்கலாமா?

நடிக்கத்தான் வேண்டும். சென்னைத் தமிழை இரவல் வாங்கிப் பேசுகிற யாழ்ப்பாணப் பாத்திரம் இரண்டு ஊருக்கும் இல்லை. யாழ்ப்பாணத்துக்குள்ளேயே தீவுப் பகுதி, வடமராட்சி, பட்டணம் என்று இழுவை மாறும். உங்கள் ஊர் இழுவையையே வைத்திருங்கள்.

சம்பளம் எப்படி?

ஃப்ரெண்ட்ஸ் தொடரின் கடைசி இரண்டு பருவங்களில் ஆறு முதன்மை நடிகர்களும் சேர்ந்து பேரம் பேசி அத்தியாயத்துக்கு ஆளுக்குப் பத்து லட்சம் டொலர் வாங்கினார்கள். அங்கே தொழிற்சங்க ஒப்பந்தப்படி மறுஒளிபரப்புக்கும் நடிகருக்குப் பங்கு வரும். இங்கே பெரும்பாலும் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சு. எத்தனை முறை ஒளிபரப்பினாலும் அந்த ஒரு நாள் காசுதான். சில வேளை மதியச் சாப்பாடும் நன்றியும் மட்டும்.

எனக்கும் ஒரு தயாரிப்பாளர் பல ஆண்டாகப் பாக்கி வைத்திருக்கிறார். காணும்போதெல்லாம் கட்டிப்பிடிப்பார். எனவே ஒரு தாளில், குறைந்தது ஒரு கைத்தொலைபேசிச் செய்தியில், நாள், தொகை, போக்குவரத்து மூன்றையும் எழுதி வாங்குங்கள். சொந்தக்காரர் என்றால் கட்டாயம் வாங்குங்கள்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா?

குந்தரின் காப்பிக் கடையை நினையுங்கள். எங்கள் நல்ல நடிகர்களில் பலர் ஆசிரியராகவோ அரச உத்தியோகத்தராகவோ இருந்துகொண்டுதான் நடித்தார்கள். அது இழப்பும் அல்ல. கச்சேரியில் ஒரு நாள் இருந்தால் பத்துப் பாத்திரம் கிடைக்கும்.

சென்னைக்குப் போகலாமா?

விஜய் தொலைக்காட்சியின் லொள்ளு சபாவிலிருந்து சந்தானமும் யோகி பாபுவும் சினிமாவுக்குப் போனது உண்மை. அதே நிகழ்ச்சியில் கையை ஆட்டி ஒரே பாணியில் பேசி நினைவில் நின்ற மனோகரைப் போன்றவர்களும் உண்டு. அவர்கள் எல்லோரும் அந்த ஊரிலேயே இருந்து, நாளுக்கு நாள் கதவைத் தட்டியவர்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது சட்டப்படி முடியாது. ஆசை இருந்தால் முதலில் இங்கே காட்டக்கூடிய ஒரு தொடரைச் செய்யுங்கள்.

எதை வைத்துப் பகிடி பண்ணக்கூடாது?

சாதி, நொண்டி, திக்குவாய், கறுப்பு, குண்டு. இவற்றை வைத்துச் சிரிப்பு எடுப்பது சுகம், அதனால்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். பெண் வேடம் போட்டு அடிவாங்குவதும் அதே வகை. கோமாளிகள் குழுவும் நான்கு சமூகத்தின் பேச்சை வைத்துத்தானே சிரிக்க வைத்தது என்று கேட்பீர்கள். வித்தியாசம், அங்கே நால்வரும் சமமாக மாட்டுப்பட்டார்கள். ஒருவர் மட்டும் அடிவாங்கவில்லை. போரில் காலை இழந்தவர்கள் பார்வையாளர் வரிசையில் இருக்கிற ஊரில் நொண்டி நடை நடப்பவரை நான் மேடைக்கு ஏற்றமாட்டேன். அரசியல்வாதி, வட்டிக்காரர், வெளிநாட்டுப் பெருமை, நாங்கள் எல்லோரும் பிடிக்கிற வேலிச் சண்டை எல்லாம் மிச்சமிருக்கிறதே.

பெண்களுக்கு இடம் உண்டா? வீட்டில் விடமாட்டார்கள்.

ஆட்பஞ்சமே அங்கேதான். மாமி, பெரியம்மா, ஆசிரியை, தபாற்கந்தோர்ப் பெண் எல்லாவற்றுக்கும் ஆள் தேடி அலைகிறார்கள். வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்த ஒத்திகைக்கே அழைத்துவாருங்கள். ஒரு அம்மா மகளைக் காவல் காக்க வந்து இருந்தவர், இரண்டாம் நாள் ‘அந்த மாமி இப்படிப் பேசமாட்டா’ என்று திருத்தம் சொல்லி, கடைசியில் அந்த மாமியாகவே நடித்தார். இரவு எட்டு மணிக்குப் பிறகு படப்பிடிப்பு என்றால் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது தயாரிப்பாளரின் பொறுப்பு. அதை முதலே கேளுங்கள்.

வயது போய்விட்டதே?

நாயகனுக்குத்தான் வயது போகும். இளைப்பாறிய பிறகு வந்தவர்களுக்கு இங்கே வேலை அதிகம்.

தெரிவுக்குக் கூப்பிட்டால் என்ன கொண்டுபோவது?

மனப்பாடம் செய்த சினிமா வசனம் வேண்டாம். நீங்கள் நன்றாகப் பார்த்த ஒருவரை இரண்டு நிமிடம் செய்து காட்டுங்கள்: சந்தையில் விலை சொல்கிறவர், செத்தவீட்டில் ஒழுங்கு செய்கிறவர், பாடசாலை வாசலில் நிற்கிற அப்பா. மூக்குக்கண்ணாடி, சால்வை, துவாய் என்று ஒரு பொருள் போதும். பிறகு அவர்கள் ஒரு தாளைத் தந்து வாசிக்கச் சொல்வார்கள். உங்கள் வரியை மட்டும் தேடிப் படிக்காமல் மற்றவரின் வரியையும் வாசியுங்கள். எதிரில் நிற்பவர் பேசும்போது உங்கள் முகத்தைத்தான் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொழும்பில் என்றால் இரவு பஸ்ஸுக்கு முதலே இருக்கை பதிந்துவிடுங்கள், காலையில் முகம் கழுவ ஒரு சொந்தக்காரர் வீட்டையும் சொல்லி வையுங்கள்.